கழித்த இரண்டு நாள்கள்

மருந்துச் சீட்டுக் கட்டைத் தூக்கியபோதுதான் டாக்டர் அதைக் கண்டார்.

மூன்று நாட்காட்டித் தாள்கள். மூலையில் ஒரு குண்டூசி.

ஞாயிறு. திங்கள். செவ்வாய்.

செவ்வாய்த் தாளை, அந்த நாள் முடியும் முன்பே கிழித்திருந்தார்கள்.

பின்புறம் திருப்பினார். பென்சில் எழுத்து. பள்ளிக் குழந்தைக்கு எழுதிக் காட்டுவதுபோல் உருண்டையாக இருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணி, நூற்று ஒன்று. மதியம், நூற்று இரண்டு. சாப்பிடவில்லை.

திங்கள் காலை, நூற்று மூன்று. சிரப் கொடுத்தேன். மாலை, மறுபடியும் நூற்று மூன்று.

செவ்வாய் மதியம், நூற்று மூன்று. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள்.

இன்று வியாழன்.

செவ்வாய் மாலை இதை எழுதிய தாய் வந்திருந்தாள். மகளைத் தோளில் போட்டிருந்தாள். இந்தத் தாள்களை அவள் மேசையில் வைத்தது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவற்றின்மேல் சீட்டுக் கட்டை வைத்தது அவர் கைதான்.

"எத்தனை நாளாம்மா?"

"மூணு நாளாச்சுங்க சார்."

அவர் 'ஒரு நாள்' என்று எழுதினார்.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. *மூன்று நாள் ஆகாத காய்ச்சலுக்கு ஊசியோ ஆன்டிபயாட்டிக்கோ கேட்காதீர்கள்.* பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதி மாட்டியது. நல்ல எண்ணத்தோடு மாட்டியது.

ஊர் அதை ஒரே வாரத்தில் படித்து முடித்தது. அதன்பின் எவருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரவில்லை. இரண்டு நாள் காய்ச்சலும் வரவில்லை. எல்லோரும் மூன்று நாளோடுதான் படியேறினார்கள்.

மூன்று நாளாகப் படுத்த படுக்கை என்று ஒருவர் சென்ற மாதம் முனகினார். நர்ஸ் செல்வராணி ஊசிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நேத்து சந்தையில ஆட்டுக்குட்டிக்கு வெல பேசிட்டு இருந்தீங்களேண்ணா. படுத்துட்டேவா பேசுனீங்க?"

ஊர் இரண்டைக் கூட்டிற்று. அவர் இரண்டைக் கழித்தார். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அது பிசகவில்லை.

"நெசமாலுமே மூணு நாளுங்க சார்" என்று அவள் சொல்லத்தான் செய்தாள்.

எல்லோரும் 'நெசமாலுமே' என்றுதான் சொன்னார்கள்.

தொண்டையைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நாள் காய்ச்சலுக்கு உரியதைச் சரியாக எழுதினார். ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை பாராசிட்டமால். நிறையத் தண்ணீர். வேறொன்றும் வேண்டியதில்லை. புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

எழுந்தபோது அவள் கேட்டாள், மறுபடி எப்போது வரவேண்டும் என்று.

"காய்ச்சல் நின்னுட்டா வர வேண்டாம்மா."

மூன்று நாள் என்று எழுதியிருந்தால் அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பார். மழை விட்ட மாதம் இது. தெருவுக்கு ஒரு டெங்கு. டெங்குவில் ஆபத்து காய்ச்சலோடு வருவதில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விடும்போது வருகிறது. உடல் குளிர்கிறது. குழந்தை அசந்து தூங்குகிறது. வீடு நிம்மதி அடைகிறது.

விரல்விட்டு எண்ணினார். ஞாயிறிலிருந்து எண்ணினார்.

ஐந்து.

வெளியே பெஞ்சில் இருமல் கேட்டது. கதவைத் திறக்க வந்த செல்வராணியைக் கையால் தடுத்தார். பதிவேட்டைக் கேட்டார்.

கோகிலவாணி. மகள் மிதுனா, வயது ஆறு. ஊர், இங்கிருந்து இருபது கிலோமீட்டர். அருகே ஒரு கைப்பேசி எண்.

முதல் முறை மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது.

அவர் தாள்களை வரிசையாக அடுக்கினார். ஓரங்கள் சேரும்படி தட்டினார். அவை முன்பே சேர்ந்துதான் இருந்தன.

இரண்டாம் முறை எடுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். குரலில் மலர்ச்சி.

"டாக்டருங்களா? நானே கூப்பிட்டுச் சொல்லோணும்னு இருந்தனுங்க. வெடியக்காலமே காச்சல் சுத்தமா வுட்டுருச்சுங்க. நின்னுட்டா வர வேண்டாம்னு சொன்னீங்கல்ல, அதானுங்க வரல. மேலெல்லாம் வேர்த்து, கைகாலெல்லாம் ஜில்லுனு ஆயிருச்சுங்க."

அவர் மூச்சை இழுத்தார்.

"தூங்கறாளுங்க. நாலு நாளாத் தூங்காத புள்ள, அசந்து தூங்கட்டும்னு வுட்டுட்டனுங்க. இருங்க, எழுப்பித் தர்றேன். டாக்டரே பேசறாருன்னா சந்தோசப்படுவா."

அவர் வாயெடுப்பதற்குள் கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டாள்.

"அம்மா" என்றார் அவர். "அம்மா, கேளுங்க."

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. குழாயை மூடும் சத்தம் வந்தது. வளையல் சத்தம் விலகிப் போயிற்று. பிறகு, தொலைவில், அந்தப் பெயர்.

முதல் அழைப்பில் சிரிப்பு இருந்தது.

இரண்டாவதிலும் கொஞ்சம் இருந்தது.

அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்தடுத்த அழைப்புகளைக் கேட்டார். எண்ணினார். எதையும் கழிக்காமல் எண்ணினார்.