பிளஸ்ஸியின் கல்யாணம் முடியும்வரை

சத்தியநாதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

தம்பி ஜாய்சன் சோபாவில் சாய்ந்திருந்தான். புற்றுநோய்க்காகப் பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு, அந்த வாரம்தான் அஸ்தினாபுரம் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். முப்பத்தொன்பது வயது.

எப்படி இருக்கிறாய் என்று அண்ணன் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டதை முதலில் அழி என்றார்.

உடன்பிறந்தவர்கள் மட்டும் இருக்கும் குழு அது. இது பரம்பரையாக வரும் வகை என்று டாக்டர் சொல்கிறார், எல்லோரும் குடலுக்குள் கேமரா விட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள் என்று ஜாய்சன் எழுதியிருந்தான்.

அடுத்த மாதம் பிளஸ்ஸிக்குக் கல்யாணம், சம்பந்தி வீட்டார் காதில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார் சத்தியநாதன். உனக்கு வந்தது உன்னோடு போகட்டும், என் மகளை ஏன் இழுக்கிறாய் என்றார்.

ஜாய்சனின் மனைவி மெட்டில்டா சமையலறை வாசலிலேயே நின்றாள். தண்ணீர் கொண்டுவரவில்லை.

நம் வீட்டில் யாருக்கடா இது இருந்தது, அப்பாவே குடல் புண்ணில்தானே போனார் என்று குரலை உயர்த்தினார். அப்பாவின் கடைசி நாட்களில் டாக்டர்களிடம் பேசியதெல்லாம் சத்தியநாதன்தான். ஜாய்சன் அப்போது மஸ்கட்டில் இருந்தான்.

ஜாய்சன் தையலைப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

“என்மேல கோவம்னா இருக்கட்டும்ணா. நீயாவது ஒரு தடவை பாத்துடு.”

“நீ ஒண்ணும் எனக்குச் சொல்ல வேணாம். அப்பா போனதுலேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நான் பாத்துட்டுதான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது.

அப்பா இறந்து பதினோரு வருடம்.

தம்பி கேட்பதற்குள் சத்தியநாதனே தொடர்ந்தார். தனக்கு இரண்டு கட்டிகளை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டதாகச் சொன்னார். தம்பிகளையும் கூட்டிவா என்று அன்றே டாக்டர் சொன்னதாகவும், வாயைத் திறக்க முடியாத நேரம் அது என்றும் சொன்னார். ஜாய்சனுக்கு அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்களாம்.

அந்தப் பெண் சமையலறை வாசலை விட்டு முன்னால் வந்தாள். கணவனின் போனை எடுத்தாள்.

சத்தியநாதன் கையை நீட்டினார். அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

“பிளஸ்ஸி, சித்தி பேசறேன். கொஞ்சம் உக்காந்துக்கோ.”