பசறை வரைக்கும் பேசினவன்

குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பதுளை அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருங்கிணைப்பாளராக வந்து ஒரு வாரம்தான். கனகரத்தினம் காலையிலேயே ஒட்டிய உறையொன்றை உதவியாளர் சஜீவனியிடம் நீட்டினார்.

"இண்டைக்கே தபாலில சேர்த்துவிடும் பிள்ளை."

அதற்குள், பஸ்ஸில் பையைப் பறிகொடுத்த மரியகொரட்டி வந்து அவர்முன் உட்கார்ந்தாள்.

"பதுளையில பஸ் ஏறுனதுலருந்து பசறை வரைக்கும் பக்கத்து சீட்டு ஆளு பேசிக்கிட்டே வந்தாருங்க."

கனகரத்தினத்தின் பேனா நின்றது. "அவ்வளவு தூரமும் பேசினவனோ? நீங்கள் சும்மாவோ இருந்தனீங்கள்?"

"நானும் விடாம பேசுனேங்க."

"நல்ல வேலை செய்தனீங்கள்."

"சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சிருச்சு. எறங்குறப்ப பாத்தா பையக் காணோம்."

'முக்கால் மணி நேரம் ஏச்சு வாங்கியிருக்கிறார். அதிர்ச்சியில் சிரிக்கிறார். உடனே உளவளத்துணையாளரிடம் அனுப்பவும்' என்று எழுதிச் சஜீவனியிடம் கொடுத்தார்.

படித்தவள் விழித்தாள். "யாரு சேர் ஏசுனது?"

"அந்தக் கள்ளன்தான். பேசினவன் எண்டு அவவே சொல்லுறா."

சஜீவனிக்குச் சிரிப்பு முட்டியது. "ஒங்க ஊர்ல பேசுறதுன்னா ஏசுறதுங்களா சேர்? இங்க சும்மா கதைக்கிறதுதான் பேசுறது."

கனகரத்தினம் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அப்ப, எங்கட மேலதிகாரி பெரிய மிஸ், நான் இல்லாத நேரம் எல்லாருக்கும் முன்னால என்னைப் பத்தி நல்லாப் பேசினவ எண்டு முதல் நாள் சொன்னீரே?"

"பாராட்டுனாங்க சேர்."

"காலமை தந்த கடிதம் தபாலில போட்டிட்டீரோ?"

"இன்னும் இல்லைங்க சேர்."

"கிழிச்சுப் போடும் பிள்ளை. அவவின்ர பேச்சுத் தாங்கேலாமல் இடமாற்றம் கேட்டு எழுதினனான்."