மூலை ஜன்னல்

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.

வெளியே நின்ற ஹேலி, கதவு மூடிக்கொள்ளாதபடி கையால் பிடித்துக்கொண்டாள். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்றாள். வயதானவளுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்திருப்பாள்.

ஹேலி சின்னப் பெண். இந்த மாடியின் மூலை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறாள்.

கீழே, தரைத்தளத்தில், லிஃப்டில் நின்றவள் எடுத்த புகைப்படங்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆற்றோரமாக இருக்கும் சிறிய ஊர். அதன் கடைத்தெருவை அவள் வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்று படமெடுத்திருந்தாள்.

முதலில் செருப்புக் கடை மூடியது. அப்புறம் வங்கி. அப்புறம் சினிமா கொட்டகை.

கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அறைந்தார்கள். ஒரு கூரையில் மரம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்தது.

பிறகு சாரம் கட்டினார்கள். செங்கல்லைக் கழுவினார்கள். காப்பிக் கடை வந்தது. அதன் வாசலில் பூந்தொட்டிகள் வந்தன.

இந்த ஊரை இவரைப்போல நேசித்தவர் யாருமில்லை என்று மேயர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தலையை அசைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலையும்போதுதான் ஹேலி அவளிடம் வந்தாள். எல்லாப் படத்திலும் என் ஜன்னல் இருக்கிறது, கவனித்தீர்களா என்று கேட்டாள்.

அதுவரை அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

தெரு முழுவதையும் எடுத்த படத்தில்கூட நடுவில் இந்தக் கட்டடம்தான் இருந்தது. மூன்றாவது மாடி. இடது மூலை ஜன்னல்.

வந்து பாருங்கள், உள்ளே வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் மகன் கபிலனை அந்த ஜன்னலோரத்தில்தான் கண்டெடுத்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி.

அப்போது கட்டடம் பூட்டிக் கிடந்தது. பின்பக்கப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் பிசகியது. அதற்காக டாக்டர் கொடுத்த வலி மாத்திரை. வலி போன பிறகும் அவனை விடாத மாத்திரை. அது போதாமல் போனபோது போதை ஊசி.

இறந்து எத்தனை நாளாயிற்று என்று போலீஸ்காரரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மகன் இருந்த இடத்தைப் பார்க்கிறீர்களா என்று அவளைக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆனால் வீட்டிலும் இருக்க முடியவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நின்று அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா நின்றால் யாராவது வந்து விசாரித்தார்கள். ஒரு கேமரா வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவள் கணவர் செல்வரங்கத்துக்கு டெக்சாஸில் நல்ல வேலை கிடைத்தது. அவள் வரமாட்டேன் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அவளைக் காரில் அழைத்து வருவது அவர்தான். இரண்டு தெரு தள்ளி, ஏதோ ஒரு சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். இந்தத் தெருவுக்குள் அவர் வந்ததில்லை. அவள் எடுத்த படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் இருவரும் மகன் பெயரைச் சொல்வதில்லை.

இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அவள் லிஃப்டை விட்டு இறங்கினாள்.

வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினாள். பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாருங்கள் என்றாள் ஹேலி. அவள் கழற்றிவிட்டுத்தான் போனாள்.

வெள்ளைச் சுவர்கள். ஒரு சைக்கிள். நாற்காலியில் தூங்கும் பூனை. எல்லாம் புதிது, தரை மட்டும் பழைய தரை, இழைத்து மெருகு போட்டிருக்கிறார்கள் என்று ஹேலி பெருமையாகச் சொன்னாள்.

அவள் குனிந்து பார்த்தாள். மரப்பலகைகள் உள்ளங்காலில் குளிர்ந்தன.



பிறகு ஜன்னலருகே போனாள்.

இத்தனை வருடமும் அதை வெளியிலிருந்தே பார்த்திருக்கிறாள். கீழே நின்று பார்க்கையில் அது எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். எதிர்க் கட்டடத்தின் அழுக்குச் சுவர்தான் அவன் கடைசியாகப் பார்த்ததாக இருக்கும் என்று அவளே முடிவுசெய்திருந்தாள்.

கூரைகளுக்கு மேலே ஆறு தெரிந்தது.

அகலமான ஆறு. வெயிலில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் இரும்புப் பாலம். பாலத்துக்கு அப்பால், மலைச்சரிவு முழுக்க மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன.

அவன் போனதும் இதேபோல் இலை சிவக்கும் அக்டோபரில்தான்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது முன்பு இங்கே இருந்தார்களா என்று பின்னாலிருந்து ஹேலி கேட்டாள்.

என் மகன் இருந்தான், கொஞ்ச நாள் என்றாள் அவள்.

“அப்படியா? அவருக்கு இந்த இடம் பிடிச்சிருந்ததா?”

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஹேலி பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கேமரா கழுத்திலேயே தொங்கியது.

இரண்டு தெருவையும் நடந்து வந்து காரில் ஏறினாள். செல்வரங்கம் வண்டியைக் கிளப்பினார்.

“அந்த ஜன்னல்லேர்ந்து ஆறு தெரியுதுங்க.”

அவர் இன்ஜினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கின் மேலேயே இருந்தன.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். யார் வீட்டுக்கோ போகிறவர்போலச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“எத்தனாவது மாடி?” என்று கேட்டார்.