ஒண்ணு போதும்

“இந்த இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் நிக்கும்ணே?”

அந்தப் பெண் கேட்டதும் இரட்டைக்காரருக்குச் சுருக்கென்றது. படகு இன்ஜின் விற்கிற கடையில் வந்து உட்கார்ந்து கேட்கிற கேள்வியா இது? கல்யாண வீட்டில் போய், ‘நீங்க எப்போ பிரியப்போறீங்க’ என்று கேட்கிற மாதிரி!

“என் கடை இன்ஜின் நிக்கவே நிக்காதும்மா!” என்றார் நெஞ்சை நிமிர்த்தி. அவள் முகம் வெளுத்துவிட்டது. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஒன்று கேட்டு வருகிறவன் தலையில் இரண்டைக் கட்டி அனுப்புவதால் இரட்டைக்காரர். தெப்பம் வைத்திருப்பவன் சிக்கினாலும் விடமாட்டார் என்று பேச்சு.

கூட வந்திருந்த தம்பி மீசையை முறுக்கிக்கொண்டான். “ரெண்டு மாட்டினா நம்ம போட்டு பறக்கும்க்கா.”

“நீ ஒண்ணும் பறக்க வேணாம். நாளைக்குத்தான் முதல் தடவையா தனியா கடலுக்குப் போறே. போனமா, வீடு வந்து சேர்ந்தமான்னு இரு. எனக்குன்னு நீ ஒருத்தன்தான்டா மிச்சம்.”

இரட்டைக்காரர் அந்த வார்த்தையைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். “வீடு வந்து சேரணும்னுதானேம்மா நானும் சொல்றேன்! ரெண்டு இருந்தா ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். போட்டைக் கரையில கொண்டாந்து சேர்த்துடும்.”

“ஓடிக்கிட்டே இருக்குமா?” என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அப்போது வெளியே ஏதோ ஒரு படகின் சத்தம் கேட்டது. அவள் எழுந்து ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “ஆள் இருக்கு” என்று தனக்குள் முணுமுணுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“பின்னே, போட்டு தானாவா வரும்?” என்று இரட்டைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

“ஒண்ணை ஓட்டிக் காட்டுங்க” என்றாள்.

தண்ணீர்த் தொட்டியில் மாட்டியிருந்த இன்ஜினை அவர் கிளப்பினார். கடையே அதிர்ந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். “அக்காவுக்கு இந்தச் சத்தம் ஆகாதுங்க. தூக்கத்துலயும் கேக்குதுன்னு எழுந்து உக்காந்துடும்” என்றான் தம்பி, அவர் காதோரம்.

அவள் கண்ணைத் திறந்து, இன்ஜினில் தொங்கிய சிவப்புக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். சத்தம் பட்டென்று அடங்கியது. அன்று முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

“ஒண்ணு போதும்ணே. இது போதும்.”

“அட, அது கையில மாட்டிக்கிற கயிறும்மா. ஆளு தவறி விழுந்தா உருவிக்கும், இன்ஜின் நின்னுடும். எவன் மாட்டுறான், நாய்ச் சங்கிலி மாதிரி இருக்குன்னு சுருட்டிப் போட்டுடுவானுங்க” என்றவர், கை நழுவிப்போகிற வியாபாரத்துக்குக் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்ட கதை அது.

“போன மழைக்கு முன்னாடி ஒருத்தர் ஒத்தை இன்ஜினோட போனார். நடுக்கடல்ல நின்னு தொலைச்சிடுச்சு. ஆளு திரும்பவே இல்ல. இன்னொண்ணு மட்டும் இருந்திருந்தா, இன்னிக்குப் பெண்டாட்டி கையால சோறு தின்னுக்கிட்டு இருப்பார்!”

“யோவ்!” என்று தம்பி பாய்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அது என் வீட்டுக்காரர்தாண்ணே.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். இரட்டைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “மன்னிச்சுடும்மா, சத்தியமா தெரியாது... ஆனா, அப்படி ஒரு அடி பட்டும் மறுபடி ஒத்தை இன்ஜினையே கேக்குறியேம்மா?”

அவள் சிவப்புக் கயிற்றைத் தம்பியின் மணிக்கட்டில் மாட்டினாள். அவிழ்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் அவர் போட்டுச் சத்தம் கேட்டுச்சு. சோத்தைப் போட்டு மூடி வெச்சுட்டுக் கரைக்கு ஓடினேன். போட்டு நேரா வந்து மணல்ல ஏறிச்சு. உள்ள யாருமில்ல.”

கயிற்றை விட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்ஜின் நிக்கவே இல்லண்ணே.”