வேதாரண்யம் பஸ்

அண்ணன் சாமா இறந்துவிட்டதாக மன்னார்குடியிலிருந்து காலையில் போன் வந்தது. காமு நீடாமங்கலத்தில், மன்னார்குடி வழியாகப் போகும் வேதாரண்யம் பஸ் ஏறினாள். அண்ணனோடு அவள் பேசி முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அவள் காதலித்த கலியமூர்த்தியை வெண்ணாற்றில் அமுக்கிக் கொன்றது சாமாதான் என்று ஊருக்கே தெரியும். சாட்சி சொல்ல யாரும் வராததால் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. காமு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டீச்சர் வேலை பார்த்தாள், ஓய்வு பெற்றாள், இன்றுவரை ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்கிறாள்.

கண்டக்டரிடம் பணத்தை நீட்டினாள்.

“உங்களுக்கு எடுத்தாச்சும்மா.”

“யாருப்பா எடுத்தா?”

“கடைசி சீட்டுல இருக்காரே, அவருதாங்க. வேதாரண்யத்துக்கு ரெண்டுன்னு வாங்கினாரு.”

கல்லூரிக்குப் போகிற நாட்களில் கலியமூர்த்தி அப்படித்தான் எடுப்பான். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பின்னாலேயே உட்கார்ந்துகொள்வான்.

காமு திரும்பிப் பார்த்தாள். கடைசி சீட்டில் யாரும் இல்லை. வெளியே நல்ல வெயில். சீட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போய் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மன்னார்குடியெல்லாம் இறங்குங்க!” என்று கண்டக்டர் கூவினார். கூட்டம் இறங்கியது. ஜன்னல் வழியே அண்ணன் மகன் வந்து காத்திருப்பது தெரிந்தது. பஸ் கிளம்பும்வரை காமு எழவில்லை.