நிற்கும் வேலை

நரியின் டிவி, ஃப்ரிட்ஜ் கடையில் செவலை ஆடு விற்பனை வேலை பார்த்தது. பகல் முழுக்க வேலையாட்கள் உட்காரக்கூடாது என்பது கடைச் சட்டம். சினையாக இருந்த செவலைக்குக் கால்கள் வீங்கிவிட்டன. ஒரு மதியம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது.

நரி பார்த்துவிட்டது. "இது என்ன உன் வீடா?"

"வயித்துல குட்டி இருக்கு முதலாளி. கால் தாங்கல. ஒரு ஸ்டூல் போட்டீங்கன்னா..."

"உனக்குப் போட்டா எல்லாரும் கேப்பாங்க. நாளைலேர்ந்து வராத."

செவலை நொண்டியபடி வாசலுக்கு வந்தது. அங்கே வேலை கேட்டு ஒரு குதிரை, விலா எலும்பு தெரிய நின்றிருந்தது.

பின்னாலேயே வந்த நரி கேட்டது: "நின்னுக்கிட்டே தூங்குவியாமே?"

குதிரை பெருமையாகத் தலையாட்டியது.

செவலை அதனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதன் விலாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கியது.