விளக்குச் சிம்னிக்குள் ஒரு கை

இன்னும் பதினேழு விளக்கு துடைக்கக் கிடக்கிறதே என்று மனசுக்குள் அலுத்துக்கொள்கிறாள். மதிய வெயில் பழைய விளக்குகளின் நீலக் கண்ணாடியில் நுழைந்து அவள் முழங்கையில் படிகிறது. அழகுதான், ரசிக்கத் தெம்பில்லை. வாங்கிக் குவிப்பது கணவர். குறுகிய சிம்னிக்குள் போய்க் கரி துடைக்க, ஆறு நாள் தையல் கூடத்தில் ஓய்ந்த இவள் கைதான் ஞாயிறுதோறும் வேண்டியிருக்கிறது. அவர் ஒரு கப்பல் விளக்கோடு வருகிறார். "பாத்தியா, மீன் வாய் மாதிரி மூடி! நாலு மணிக்குப் பாக்க ஆளுங்க வராங்க. இதையும் தொடச்சிடும்மா, உன் கைதான் உள்ள போகும்." வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். மீன் சிரிப்பது போலத்தான் இருக்கிறது. பத்திரமாக மேசையில் வைக்கிறாள். "கரியோடவே பாக்கட்டும்ங்க," என்று ஈரத்துணியை உதறிக் கொடியில் போடுகிறாள்.